தையல் மிஷினைக் கண்டுபிடித்தது யார்? காந்தி சொன்ன சிங்கர் கதை சரிதானா?

முத்தையா மதுரை

காந்தி இயந்திரம் என்றாலே எதிர்ப்பவர் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் இதை அவரிடமே நேராகக் கேட்டார். (பிற்காலத்தில் சின்னாளப்பட்டி பக்கத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவர்தான்.) எல்லா இயந்திரமும் கூடாதா என்ற கேள்விக்குக் காந்தி ஒரு விலக்கு கொடுத்தார்: சிங்கர் தையல் மிஷின். உலகத்தில் இதுவரை வந்த உருப்படியான சில பொருள்களில் அது ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்து அவதிப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். அவர் நடத்திய 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த உரையாடல் இது.

கதை நல்ல கதை. ஆனால் ஆள் மாறிவிட்டது. மனைவி ஊசியோடு மல்லுக்கட்டுவதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் எலியாஸ் ஹோவ். 1819இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பட்டறையில் வாரம் 9 டாலர் சம்பளம், மூன்று பிள்ளைகள், உடம்பும் ஒத்துழைக்காது. மனைவி எலிசபெத் வெளியாருக்குத் தைத்துக் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. ஜார்ஜ் ஃபிஷர் என்ற நண்பர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்து 500 டாலரும் போட்டார். 1845இல் மிஷின் தயார். பாஸ்டனில் கை வேகமான ஐந்து தையல் பெண்களோடு போட்டி வைத்தார்கள். மிஷின் ஜெயித்தது. 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமையும் கிடைத்தது.

வாங்கத்தான் ஆள் இல்லை. ஹோவின் சகோதரர் இங்கிலாந்துக்குப் போய் ஒரு மிஷினை உரிமையோடு சேர்த்து 250 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவரிடமே வேலை செய்ய ஹோவும் போனார். அங்கே ஒத்துப்போகவில்லை. காப்புரிமைப் பத்திரத்தையும் மாதிரி மிஷினையும் அடகு வைத்துவிட்டு 1849இல் கப்பலேறி ஊர் திரும்பினால், மனைவி காசநோயில் கடைசி நாள்களில் இருக்கிறாள். இந்தப் பக்கம் ஊரெல்லாம் ஆளாளுக்குத் தையல் மிஷின் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் முக்கியமானவர் ஐசக் மெரிட் சிங்கர்.

ஹோவ் வழக்குப் போட்டார். 1854இல் சிங்கர் 15,000 டாலர் கொடுத்துச் சமாதானத்துக்கு வந்தார். தன்னுடையது என்றால் எவனாவது அவ்வளவு பணத்தை எடுத்துக் கொடுப்பானா?

என் கட்சி இதுதான்: தையல் மிஷின் ஹோவுடையது. பெயர் மட்டும் சிங்கருக்குப் போய்விட்டது. இதைத் திருத்தி எழுத வேண்டும்.

கணக்குப்பிள்ளை

முத்தையா அண்ணன் சொன்ன சோகம் எல்லாம் உண்மை. ஆனால் பட்ட கஷ்டத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

ஹோவின் மிஷின் எப்படித் தைத்தது என்று பாருங்கள். துணியைப் படுக்கப் போட முடியாது. ஒரு தகட்டில் வரிசையாக முள் இருக்கும், அதில் துணியைக் குத்தி நிற்க வைத்துத் தொங்கவிட வேண்டும். ஊசி வளைந்தது, பக்கவாட்டில் போய் வரும். தகடு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் தையல். அது முடிந்ததும் மிஷினை நிறுத்தி, துணியைக் கழற்றி, மறுபடி முள்ளில் மாட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். நேர்த் தையல் மட்டும்தான் வரும். விலை 300 டாலர். பாஸ்டன் தையற்காரர்கள் ஏன் வாங்கவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சிங்கர் 1850இல் பாஸ்டனில் ஆர்சன் ஃபெல்ப்ஸின் பட்டறையில் இருந்தார். வந்தது வேறு வேலைக்கு: மர எழுத்து செதுக்கும் மிஷின் ஒன்றை விற்க. அங்கே ரிப்பேருக்கு வந்து கிடந்த ஒரு தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, 40 டாலர் கடன் வாங்கி, 11 நாளில் தன்னுடையதை ஓட வைத்தார். 1851 ஆகஸ்ட் 12இல் காப்புரிமை. நேரான ஊசி, மேலும் கீழுமாக இறங்கி ஏறும். துணி மேசை மேல் படுத்திருக்கும். மேலே நீட்டிய கை, துணியை அழுத்திப் பிடிக்க ஃபுட், காலுக்கு மிதி. எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் நிறுத்தாமல் தைக்கலாம்.

இன்று உங்கள் தெருவில் இருக்கும் எந்த டெய்லர் கடைக்கும் போங்கள். அங்கே இருப்பது சிங்கரின் வடிவம். ஹோவின் வடிவம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மனைவி மேல் அன்பு என்ற பகுதியை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். சிங்கர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் குடும்பம் நடத்தியவர். 1860இல் அது நியூயார்க்கில் வெட்டவெளிச்சமாகி ஊரை விட்டே கிளம்பினார். காந்திக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பழையதாள்

இரண்டு பேரும் 1840க்குப் பிறகே ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு முன்னால் இருந்தவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

1790. லண்டனில் தாமஸ் செயின்ட் என்ற தச்சர் தோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். அந்தப் பத்திரத்தில் செருப்பு, பசை, வார்னிஷ் எல்லாம் சேர்ந்திருந்ததால் தையல் மிஷின் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 1874இல்தான் நியூட்டன் வில்சன் என்பவர் அதைக் கண்டெடுத்தார்.

ஆஸ்திரியாவில் ஜோசப் மாடர்ஸ்பெர்கர். தொழிலால் தையற்காரர். வருஷக்கணக்கில் பாடுபட்டு ஊசியின் காதை முனைப் பக்கம் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1850இல் வறுமையில் செத்தார்.

பிரான்ஸில் பார்த்தலமி திமோனியே. அவரும் தையற்காரர். 1830இல் காப்புரிமை. பாரிஸில் 80 மிஷின்களை வரிசையாகப் போட்டு ராணுவத்துக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அதாவது மிஷின் ஓடியது மட்டுமல்ல, ஆர்டர் எடுத்துத் தொழிற்சாலையே நடந்தது! 1831இல் பாரிஸ் தையற்காரர்கள் கும்பலாக வந்து உடைத்துப் போட்டார்கள். அவரும் 1857இல் கையில் ஒன்றும் இல்லாமல்தான் போனார்.

இப்போது நியூயார்க். வால்டர் ஹன்ட். 1832 முதல் 1834க்குள் அவர் செய்த மிஷினில் முனையில் காது உள்ள ஊசி இருந்தது, கீழே இரண்டாவது நூலைக் கொண்டுபோகும் ஷட்டில் இருந்தது, இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பூட்டுத் தையல் வந்தது. ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய அதே ஜோடி. 12 வருஷம் முன்னால்! தையலை நம்பிப் பிழைக்கும் பெண்களின் வேலை போய்விடும் என்று மகள் தடுத்ததால் அவர் காப்புரிமை எடுக்கவில்லை என்று சொல்லப்படுகிறது.

சேலையில் குத்துகிறோமே ஊக்கு, அதுவும் ஹன்ட் செய்ததுதான். 1849இல் காப்புரிமை எடுத்து 400 டாலருக்கு விற்றுவிட்டார். இப்படிப்பட்ட மனிதரைப் பேசாமல் ஹோவா சிங்கரா என்று இரண்டு பேர் சண்டையாக்குவது சரியில்லை.

முத்தையா மதுரை

பழையதாள் சார், ஹன்ட் முந்தியவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஹோவின் வழக்கை உடைக்கத்தான் அவரையே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். 1854இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் என்ன சொன்னது? ஹன்ட் முதலில் செய்திருக்கிறார், சரி. ஆனால் செய்ததைப் போட்டுவிட்டுப் பல வருஷம் கண்டுகொள்ளவே இல்லை, அதனால் உரிமை கிடையாது, ஹோவின் காப்புரிமை நிற்கும். இது சட்டத்தின் நுணுக்கம் மட்டும் இல்லை. ஒரு பொருளைச் செய்து பரணில் போட்டுவிட்டால் அது ஊருக்குப் போய்ச் சேருமா? ஹோவுக்கு ஹன்ட்டின் மிஷினைத் தெரிந்திருக்கவும் இல்லை. தானாக யோசித்து, தானே செய்து, காசுக்கு அலைந்து, கடல் தாண்டிப் போய் விற்கப் பார்த்தவர் ஹோவ்.

கணக்குப்பிள்ளை

அண்ணே, இதே அளவுகோலை இன்னும் ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். ஊருக்குப் போய்ச் சேர்த்ததுதான் கணக்கு என்றால் ஹோவ் அவுட். ஊருக்குச் சேர்த்தது சிங்கர். உங்கள் வாதமே என் பக்கம் வந்துவிட்டது.

திருப்பூர் செல்வி

நான் திருப்பூரில் சிங்கர் டெய்லர், அதாவது பூட்டுத் தையல் மிஷின் ஓட்டுபவள். பெயர்தான் சிங்கர், ஓடுவது ஜூக்கி என்ற ஜப்பான் கம்பெனி மிஷின். ஷிஃப்ட் முழுக்க இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பத்திரங்களை விட்டுவிட்டு மிஷினை வைத்துப் பேசுகிறேன்.

கையால் தைக்கும்போது ஊசி முழுதும் துணியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வர வேண்டும். காது பின்னால் இருப்பதால் வேறு வழி இல்லை. மிஷினுக்கு இதைச் செய்ய வைக்க முயன்றவர்கள் எல்லாரும் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார்கள். காதை முனைக்குக் கொண்டுவந்தால் ஊசி முழுதாகப் போக வேண்டியதில்லை. முனையை மட்டும் துணிக்குள் இறக்கி, நூலைக் கீழே கொண்டுபோய், திரும்ப ஏறலாம். ஏறத் தொடங்கும் அந்த நொடியில் நூல் ஊசியை ஒட்டிச் சின்னதாக ஒரு வளையம் விடும். ஷட்டில் அந்த வளையத்துக்குள் நுழைந்து, பாபினில் சுற்றிய கீழ் நூலை விட்டுவிட்டுப் போகும். ஊசி மேலே போய் இழுத்ததும் இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலோ ஷட்டில் முனை தேய்ந்திருந்தாலோ வளையம் சிக்காது. தையல் தப்புகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோமே, பெரும்பாலும் அதுதான்.

பிரான்ஸ்காரர் திமோனியே மிஷின் இப்படி இல்லை. அது ஒற்றை நூல், சங்கிலித் தையல். அரிசி மூட்டை வாயைத் தைத்திருப்பார்களே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வரும், அந்த வகை. மூட்டைக்கு அது வசதி. சட்டைக்குத் தோள்பட்டையில் அப்படி ஒரு நூல் விட்டுப்போனால் என்ன ஆகும்? ஆகவே திமோனியேவையும் ஹன்ட்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

ஊசி, ஷட்டில் வரைக்கும் ஹன்ட், ஹோவ். சரி. ஆனால் ஒருத்தரும் இன்னும் துணி எப்படி நகர்கிறது என்று கேட்கவே இல்லை. ஃபுட்டுக்கு அடியில் பல் இருக்கிறதே, அது யாருடையது? யாராவது சொல்லுங்கள்.

வடமராட்சி ரவி

செல்வி அக்கா, நல்லா விளங்கப்படுத்தினீர்கள். பல்லுக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, தெரிந்தவர்கள் வரட்டும்.

நான் கணக்குப்பிள்ளை அண்ணையின் பக்கம். ஆனால் காரணம் வேறு. எங்கட நாட்டில் சிங்கர் கொழும்புக்கு வந்தது 1877இல். இன்றைக்குச் சிங்கர் காட்சியறைக்குப் போனால் பிரிட்ஜ், டிவி, சலவை மெசின் எல்லாம் இருக்கும், தவணைக்கு எடுக்கலாம். மெசினை விடத் தவணைதான் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். எங்கட அம்மம்மா காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் வீட்டுக்குள் வந்த முதல் பெரிய சாமான் தையல் மெசின்தான். சும்மா கையில் காசு வைத்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

ரவி தம்பி தொட்டது முக்கியமான இடம். அதைச் செய்தது சிங்கர்கூட இல்லை, அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க். வக்கீல். வழக்குக்கு ஃபீஸ் கொடுக்கச் சிங்கரிடம் பணம் இல்லாததால் பங்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்.

அப்போது ஒரு மிஷின் விலை 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பம் வருஷம் முழுக்கச் சம்பாதிப்பதில் பெரிய பங்கு அது. 1856இல் கிளார்க் ஒரு வழி கொண்டுவந்தார்: 5 டாலர் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போ, தைத்துச் சம்பாதி, அதிலிருந்தே மாதாமாதம் கட்டு. கட்டி முடித்தால் உன்னுடையது. அந்த வருஷம் விற்றது 2,564 மிஷின். 1860இல் 13,000 அளவுக்குப் போய்விட்டது.

நான் தவணை வியாபாரத்தில் இருந்தவன். பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது எவ்வளவு துணிச்சல் என்று எனக்குத் தெரியும். அதுவும் வீட்டுப் பெண்களை நம்பி, கடன் என்றால் வங்கியே யோசிக்கும் காலத்தில்! ஊசி முனையில் காது போட்டவருக்கு எவ்வளவு மரியாதையோ அதே மரியாதை கிளார்க்குக்கும் வேண்டும். இது இல்லாமல் தையல் மிஷின் முதலாளியின் பட்டறையிலேயே நின்றிருக்கும். வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்காது.

பழையதாள்

கணக்குப்பிள்ளை, அதே 1856இல் அதே கம்பெனி செய்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள். நான் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஹோவ், சிங்கர் கம்பெனி, வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் என்ற வேறு இரண்டு தையல் மிஷின் கம்பெனிகள், ஆக நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்கிவிட்டுக் கூட்டணி சேர்ந்தார்கள். காப்புரிமைகளை ஒரே பெட்டியில் போட்டார்கள். அமெரிக்காவில் எவன் தையல் மிஷின் செய்தாலும் ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் இந்தக் கூட்டணிக்குக் கப்பம். அதில் 5 டாலர் ஹோவுக்கு மட்டும். பின்னால் தொகையைக் குறைத்தார்கள், ஆனால் கூட்டணி 1877 வரை நின்றது. ஹோவ் சாவதற்குள் சம்பாதித்தது சுமார் 20 லட்சம் டாலர். முத்தையா அண்ணன் சொன்ன ஏழை ஹோவ் 1856இலேயே முடிந்துவிட்டார்.

அந்த 15 டாலரைக் கட்டியது யார்? மிஷின் வாங்கியவர்கள். கிளார்க் தவணை கொடுத்தது பெண்கள் மேல் நம்பிக்கையால் என்று படம் காட்டாதீர்கள். போட்டிக்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டு விலையைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டவர்களுக்குத் தவணை கொடுப்பது கஷ்டமா?

கணக்குப்பிள்ளை

இது அநியாயமான வாதம் சார். கூட்டணி வருவதற்கு முன் நிலைமை என்ன? ஒருவரிடம் ஊசி, ஒருவரிடம் துணி நகர்த்தும் பல், ஒருவரிடம் ஃபுட். இதில் எது இல்லாவிட்டாலும் மிஷின் ஓடாது. எல்லாரும் எல்லார் மேலும் வழக்கு. அப்படியே விட்டிருந்தால் சம்பாதித்தது வக்கீல்கள் மட்டும்தான். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று கதவைத் திறந்தது கூட்டணிதான். அந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டு வேறு பல கம்பெனிகளும் மிஷின் செய்து விற்றன.

முத்தையா மதுரை

20 லட்சம் சம்பாதித்தார் என்பதால் ஹோவ் கண்டுபிடித்தது இல்லை என்று ஆகிவிடுமா? அவருக்குச் சேர வேண்டியது வந்தது. அவ்வளவுதான். அந்தப் பணத்தோடு அவர் என்ன செய்தார் என்றும் சொல்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கனெக்டிகட் படைப்பிரிவு ஒன்றில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சம்பளம் வராமல் படை தவித்தபோது தன் பணத்தை எடுத்து மொத்தப் படைக்கும் கொடுத்தார். சிங்கர் இங்கிலாந்தில் பெரிய மாளிகை கட்டத் தொடங்கி 1875இல் செத்தார்.

பழையதாள்

ஹன்ட் பக்கம் ஒரு செய்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1858இல் சிங்கர் கம்பெனி அவருக்கு 50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. பணம் கைக்கு வரும் முன்பே 1859இல் ஹன்ட் இறந்துவிட்டார். ஒன்றும் இல்லாதவருக்கு ஐம்பதாயிரம் தர எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். 15,000 டாலர் ஹோவுக்குச் சாட்சி என்று அண்ணன் முதலில் சொன்னார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஹன்ட்டுக்குச் சாட்சி மூன்று மடங்குக்கு மேல்.

வடமராட்சி ரவி

எனக்கு இந்தத் திரியில் நெருடுவது 1831இல் பாரிசில் மெசினை உடைத்த தையற்காரர்கள். பழையதாள் அண்ணை அவர்களைக் கும்பல் என்று எழுதினார். அவர்கள் வயிற்றுப்பாடு என்ன ஆகும் என்று பயந்த தொழிலாளிகள். ஹன்ட்டின் மகள் பயந்ததும் அதற்குத்தான். அவள் சொன்னால் இரக்கம், அவர்கள் செய்தால் கும்பலா?

வீலர் அண்ட் வில்சன் கம்பெனி அப்போதே ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மெசினில் 1 மணி 16 நிமிடம். விற்கிறவன் கொடுத்த கணக்கு, அதனால் கொஞ்சம் கழித்தே பாருங்கள். பாதியைக் கழித்தாலும் பெரிய வித்தியாசம். மிச்சமான அந்த நேரம் தைத்தவளுக்குக் கிடைத்ததா? நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரு சட்டைக்குக் கூலியைக் குறைத்தார்கள், அவள் முன்னைவிடக் கூடச் சட்டை தைத்தாள்.

பழையதாள்

ரவி, கும்பல் என்ற சொல்லைக் கண்டிக்கிறீர்கள், ஏற்கிறேன். பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் உடைத்தது முதலாளியின் மிஷினை இல்லை, தங்களைப் போல ஊசி பிடித்துப் பிழைத்த ஒருவரின் பல வருஷ உழைப்பை. அதனால்தான் எனக்குக் கோபம்.

திருப்பூர் செல்வி

ரவி, அந்தக் கணக்கு இங்கே இன்றும் அப்படியேதான். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, நாங்கள் தைக்கிறோம். வேகமான மிஷின் வந்தால் ரேட் இறங்குகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஒரு மிஷின் சொந்தமாக இருந்தால் நிலைமை வேறு. கம்பெனி வேலை நின்றால்கூட அக்கம்பக்கத்து ஜாக்கெட், சுடிதார் தைத்து ஒரு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடுவாள். எங்கள் தெருவில் அப்படி எத்தனையோ பேர். காந்தி பார்த்தது அந்த மிஷினைத்தான் என்று நினைக்கிறேன், இந்த லைனில் வரிசையாக ஓடுவதை இல்லை.

என் பல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை சார் மட்டும் பேச்சோடு பேச்சாகத் தொட்டார்.

பழையதாள்

மன்னிக்கவும் செல்வி அம்மா, சொல்லியிருக்க வேண்டும். அது ஆலன் வில்சன். மிச்சிகனில் மரச்சாமான் செய்துகொண்டிருந்தவர். வேறு யாருடைய தையல் மிஷினையும் பார்க்காமலேயே 1847 வாக்கில் யோசிக்கத் தொடங்கியவர். 1851 ஆகஸ்ட் 12இல் சுழலும் கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். சிங்கருக்குக் கிடைத்த அதே நாள்! ஷட்டில் முன்னும் பின்னுமாக அடிப்பதற்குப் பதில் கொக்கி சுற்றிவந்து வளையத்தைப் பிடிக்கும். பல்லுக்கான காப்புரிமை 1854 டிசம்பரில். வீலர் அண்ட் வில்சனில் இருக்கும் வில்சன் அவர்தான். உடல்நலம் கெட்டதால் 1853இலேயே வேலையிலிருந்து ஒதுங்கிவிட்டார்.

கணக்குப்பிள்ளை

வில்சன் கெட்டிக்காரர். ஆனால் பல் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே சிங்கர் மிஷின் துணியைத் தானாக நகர்த்தியது. அடியில் சொரசொரப்பான சக்கரம், அது சுற்றச் சுற்றத் துணி போகும். அதனால் வில்சன் இல்லாவிட்டாலும் தையல் நடந்திருக்கும். செய்ததை நன்றாக்கினவர் வேறு, முதலில் நடக்க வைத்தவர் வேறு. நான் சிங்கரை விட மாட்டேன்.

முத்தையா மதுரை

அப்படிப் பார்த்தால் சிங்கரும் செய்ததை நன்றாக்கினவர்தானே? ஹோவின் ஊசியையும் ஷட்டிலையும் எடுத்துவிட்டுச் சிங்கர் மிஷினை ஓட்டிக் காட்டுங்கள். நான் ஹோவ் பக்கமே.

திருப்பூர் செல்வி

சக்கரத்துக்கும் பல்லுக்கும் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், தைக்காதவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

சக்கரம் எந்நேரமும் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நேர்த் தையலுக்குப் பரவாயில்லை. பல் அப்படி இல்லை. நாலு அசைவு: மேலே எழும், துணியைப் பிடித்து ஒரு தையல் அளவு பின்னால் தள்ளும், கீழே இறங்கிவிடும், இறங்கினபடியே முன்னால் திரும்பி வரும். இறங்கியிருக்கும் நேரத்தில் துணியைக் கீழே பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் அந்தக் கண் இமைக்கும் நேரம் எங்களுக்குக் கிடைக்கிறது. அதில்தான் விரலால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறோம். பனியன் கழுத்து, சட்டையின் ஆர்ம்ஹோல், ஜாக்கெட்டின் முன் வளைவு, எதையும் அப்படித்தான் வளைக்கிறோம். உடம்பில் நேராக ஒன்றும் இல்லையே, துணி வளைந்தால்தான் சட்டை.

பல் தேய்ந்த மிஷினில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் உருண்டு நிற்கும். கையால் இழுத்தால் ஊசி வளையும், உடையும். ஊசி புதிது, பாபின் சரி, ஷட்டில் சரி, மோட்டார் சரி, ஆனாலும் ஒரு சட்டை வெளியே வராது. இந்த மிஷினில் வில்சனின் பல் அதே நாலு அசைவோடு இன்றும் ஓடுகிறது. ஹோவின் வளைந்த ஊசி போய்விட்டது, சிங்கரின் சக்கரத்தை எங்கள் லைனில் நான் கண்டதில்லை.

ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் என் ஓட்டு ஆலன் வில்சனுக்கு. ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது, மற்றதை ராத்திரி வந்து படிக்கிறேன்.